மாலை நான்கு மணி நேரத்துக்காக நாள் முழுக்க எரியும் நிலக்கரி: மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

2022 செப்டம்பரில் நீங்கள் பிறப்பித்த கட்டண ஆணையின் காலம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த சில ஆண்டுகளுக்கு யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மறுபடியும் கணக்குப் போட உட்காரப் போகிறீர்கள். அப்போது யூனிட் விலை ஏறுமா, இறங்குமா என்றுதான் ஊரே பேசும். நான் எழுதுவது அதைப் பற்றியல்ல. மின்சாரத்தை உற்பத்தி செய்ய ஒரு செலவு ஆகிறது. அதைக் கம்பி வழியாகக் கொண்டுவந்து சேர்க்க இன்னொரு செலவு ஆகிறது. இந்த இரண்டாவது செலவை எப்படி வாங்குகிறீர்கள் என்பதில்தான் எண்ணூரில் எவ்வளவு நிலக்கரி எரியும் என்பதும் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கிறேன். வீடு எர்ணாவூரில். ஒரு பக்கம் கரண்டை வாங்கிச் செலவழிக்கிற இடம், இன்னொரு பக்கம் கரண்ட் உற்பத்தியாகிற இடம். இரண்டையும் தினமும் பார்க்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் வடசென்னை அனல்மின் நிலையம் தெரியும். முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1200 மெகாவாட். 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்ட மூன்றாம் நிலை 800 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1500 மெகாவாட். கூட்டினால் நாலாயிரத்துக்கும் மேல். 1970-ல் வந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். ஆனால் அதற்குள் மற்றவை எல்லாம் வந்து நின்றுவிட்டன. செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்தது ஒருமுறை இருமுறையல்ல. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் கால் வைத்த இடத்தில் இன்று சேறுக்குப் பதில் சாம்பல். உங்கள் கட்டண அட்டவணையில் இந்தச் செலவுக்கு ஒரு வரி கூடக் கிடையாது.

காற்றும் வெயிலும் நிறைய இருக்கிற மாநிலம் நம்முடையது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வரை காற்றாலைகள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரிய மின்சாரம் வந்து குவிகிறது. பிறகு ஏன் எண்ணூரில் புகை நிற்கவில்லை?

காரணம் மாலை நேரம். வெயில் சாய்ந்ததும் சூரிய மின்சாரம் வடிந்துவிடும். அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் டிவியும் ஏசியும் போடுவார்கள். கடைகள் எல்லாம் வெளிச்சமாகும். அந்த இடைவெளியை இப்போதைக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான் நிரப்புகிறது. ஆனால் அனல்மின் நிலையத்தை ஸ்விட்ச் போட்டு அணைத்து, தேவைப்படும்போது மறுபடி போட முடியாது. பாய்லர் குளிர்ந்துவிட்டால் சூடேற்ற மணிக்கணக்கில் ஆகும். ஒரு நிலையத்தில் இப்படித் தனித்தனியாக ஓடுகிற உற்பத்தி இயந்திரத் தொகுதி ஒவ்வொன்றையும் யூனிட் என்பார்கள்; பில்லில் வரும் யூனிட் வேறு. ஆகவே மாலைக்கு வேண்டிய யூனிட்டைப் பகலிலும் ஓட்டித்தான் ஆக வேண்டும். குறைத்து ஓட்டலாம், நிறுத்த முடியாது. மத்திய மின்சார ஆணையம் 2023-ல் போட்ட விதிப்படி 55 சதவீதம் வரை குறைக்கலாம். போகப்போக 40 சதவீதத்துக்கு வர வேண்டும் என்கிறார்கள். 600 மெகாவாட் யூனிட் ஒன்று மாலை நான்கு மணி நேரத்துக்காகக் காத்திருக்கிறது என்றால், நடுப்பகலிலும் 330 மெகாவாட் அளவுக்கு நிலக்கரியை எரித்துக்கொண்டே காத்திருக்கிறது. அந்த நேரத்தில் கமுதியில் வெயில் கொளுத்துகிறது என்பதால் அது நிற்காது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மாலை உச்சத்தில் ஒரு யூனிட்டின் அளவுக்குத் தேவை குறைந்தால், அந்த யூனிட் மாலையில் மட்டுமல்ல, நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. வடசென்னைக்கு இதைவிடப் பெரிய நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கம்பியின் கதையும் இதேதான். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரையும் பில்லர் பாக்ஸுக்குப் போகிற கேபிளையும் துணைமின் நிலையத்தையும் அன்றாடச் சராசரியைப் பார்த்து யாரும் வடிவமைப்பதில்லை. ஆண்டில் மிக மோசமான அந்தச் சில மணி நேரத்தை மனதில் வைத்துத்தான் வாங்குகிறார்கள். மற்ற நேரமெல்லாம் அதில் பாதி சும்மாதான் இருக்கும். ஆகக் கம்பிக்கு ஆகிற செலவு எத்தனை யூனிட் ஓடியது என்பதைப் பொறுத்து வருவதில்லை. நெரிசல் நேரத்தில் எவ்வளவு இழுத்தோம் என்பதைப் பொறுத்து வருகிறது. ஆனால் பில் அப்படி வருகிறதா?

ஐஸ் கம்பெனியை வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த கணக்கு அது.

பெரிய தொட்டியில் உப்புத்தண்ணீர். அதை அம்மோனியா கம்ப்ரஸர் உறைநிலைக்குக் கீழே குளிர வைக்கிறது. நல்ல தண்ணீர் ஊற்றிய தகரக் கேன்களை வரிசையாக அதில் இறக்கிவைப்போம். தண்ணீர் உறைந்து ஐஸ் பாராகும். கேனைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை முக்கினால் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உடைத்து, தூளாக்கி, விடியலுக்கு முன்னால் லாஞ்சில், அதாவது விசைப்படகில், ஏற்ற வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மூடி போட்ட அந்த உப்புத்தண்ணீர் குளிர்ச்சியைச் சில மணி நேரம் தாங்கும். நடுப்பகலில் கம்ப்ரஸரை நன்றாக ஓட்டிக் குளிர்ச்சியைச் சேர்த்துவைத்தால், மாலை ஆறிலிருந்து பத்துவரை ஓட்டாமலே இருக்கலாம். பாருக்கு ஒன்றும் ஆகாது. பேட்டரி இல்லாமலே மின்சாரத்தைச் சேமித்துவைக்கிற வழி இது. மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி ஐஸ் கம்பெனிகளும் குளிர்பதனக் கிடங்குகளும் எத்தனையோ இருக்கின்றன.

ஏன் யாரும் இப்படி ஓட்டுவதில்லை? முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. உங்கள் 2022 ஆணையின் விலைகளை வைத்தே கணக்குப் போடுவோம். மாலை நான்கு மணி நேரம் 100 கிலோவாட் குறைத்து, அதை நடுப்பகலுக்கு மாற்றுகிறோம். மாதம் 25 நாள். மாற்றிய மின்சாரம் 10,000 யூனிட். உயரழுத்தத் தொழிற்சாலைக்கு யூனிட் 6.75 ரூபாய், உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல். அந்தக் கூடுதல் மிச்சமாகிறது: 16,875 ரூபாய். நல்லது. ஆனால் நடுப்பகலில் இன்னொரு 100 கேவிஏ (ஏறக்குறைய 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்) இழுப்பதால் டிமாண்ட், அதாவது அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவு, ஏறிவிடுகிறது. டிமாண்ட் கட்டணம் மாதம் ஒரு கேவிஏ-வுக்கு 550 ரூபாய். கூடுதலாகக் கட்ட வேண்டியது 55,000 ரூபாய். மத்திய அரசு 2023 ஜூனில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, சூரிய நேரத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் விலைக்குறைப்பு தரச் சொன்னது. அதையும் சேர்த்தால் 13,500 ரூபாய் மிச்சம். அப்போதும் மொத்தம் 30,375 ரூபாய்தான். 55,000-க்கு எட்டவில்லை.

ஊருக்கு நல்லது செய்கிறவன் மாதம் இருபத்தைந்தாயிரம் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. யூனிட் விலையில் எத்தனை நேரவாரி மாற்றம் கொண்டுவந்தாலும், கம்பிக் கட்டணம் அதைத் தின்றுவிடுகிறது. மீட்டர் உச்சத்தை எந்த நேரத்தில் பதிவு செய்தாலும் ஒரே விலை என்பதுதான் கோளாறு. பகல் பன்னிரண்டுக்கு இழுத்த 100 கேவிஏ-வும் இரவு எட்டுக்கு இழுத்த 100 கேவிஏ-வும் கம்பிக்கு ஒன்றல்ல. பில்லில் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

ஆகவே என் முதல் கோரிக்கை: டிமாண்ட் கட்டணத்தை உச்ச நேரத்தில் பதிவாகும் டிமாண்டை வைத்து வாங்குங்கள். மற்ற நேரத்தில், குறிப்பாகச் சூரிய நேரத்தில், கேபிளும் டிரான்ஸ்ஃபார்மரும் தாங்குகிற உச்சவரம்புக்குள் இழுப்பதற்கு அபராதமும் கூடாது, கூடுதல் டிமாண்டும் கூடாது. மாலையில் இழுக்கிறவருக்கு கேவிஏ விலை ஏறட்டும். மின் பகிர்மானக் கழகத்தின் வருமானம் குறையாதபடி அந்த விலையை வைக்க உங்களால் முடியும். உயரழுத்த இணைப்புகளில் நேரவாரியாகப் பதியும் மீட்டர்தான் இருக்கிறது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

இரவுத் தள்ளுபடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி என்பது அனல்மின் காலத்து வழக்கம். ராத்திரியில் ஓட்ட வேறு ஆளில்லை, பாய்லரை அணைக்கவும் முடியாது, ஆகவே மலிவாகக் கொடு என்று வந்தது. இன்று மலிவு நேரம் நடுப்பகல். கோடையில் சென்னையில் ராத்திரி பதினொன்றுக்கும் ஏசி நிற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரேயடியாக எடுத்துவிடவும் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ராத்திரியிலும் காற்றாலை மின்சாரம் வரும். அந்த மாதங்களில் தள்ளுபடி இருக்கட்டும். மற்ற மாதங்களில் அதை நடுப்பகலுக்கு மாற்றுங்கள். நம் ஊர்க் காற்றும் வெயிலும் மாதத்துக்கு மாதம் மாறும்போது கட்டணம் மட்டும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி இருப்பது சரியில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஐஸ் கம்பெனிகள் பாதிக்கு மேல் முடங்கிக் கிடக்கும். அதே நாட்களில்தான் தமிழ்நாட்டின் மின்தேவை உச்சிக்குப் போகிறது. 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டதும் இந்த அறுபத்தொரு நாளுக்குள்தான். அதாவது கம்பி மிக அதிகமாகத் திணறுகிற வாரங்களில் காசிமேடு தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. ஆனாலும் ஒப்பந்த டிமாண்டில், அதாவது இவ்வளவு வரை இழுப்போம் என்று எழுதிக்கொடுத்த அளவில், 90 சதவீதத்துக்குக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். இழுக்காத கரண்டுக்குக் கட்டுவது இருக்கட்டும். மற்றவர்களுக்கு இடம்விட்டதற்கு ஒரு ரூபாய் சலுகையாவது உண்டா? பருவத்துக்கு ஏற்ப ஒப்பந்த டிமாண்டை வைத்துக்கொள்ளும் வழியை மீன்பிடித் தொழிலைச் சார்ந்த இணைப்புகளுக்காவது திறந்துவிடுங்கள்.

இனி வீடுகள். இங்கேதான் எனக்குப் பயம் அதிகம்.

கூரையில் சூரியத் தகடு போட வசதியுள்ளவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் வாங்குகிற யூனிட் குறைகிறது. கம்பிச் செலவு குறையவில்லை. அந்தப் பாரம் தகடு போட முடியாதவர் தலையில் விழும் என்பது உண்மையான பிரச்சினைதான். இதற்கு எளிதாகத் தெரிகிற மருந்து, எல்லா வீட்டுக்கும் மாதம் இவ்வளவு என்று ஒரு நிலைக்கட்டணம் போடுவது. வீட்டு இணைப்புகளுக்கான நிலைக்கட்டணத்தை 2022-ல் நீக்கினீர்கள். அது சரியான முடிவு. எந்தப் பெயரிலும் அது திரும்பி வரக்கூடாது. வியாசர்பாடியில் ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும் ஓடுகிற ஒற்றை அறைக்கும், நாலு ஏசி ஓடுகிற மாடிவீட்டுக்கும் கம்பி ஒரே அளவில் திணறுவதில்லை.

பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் 2023 ஜனவரியிலிருந்து வீட்டுக் கம்பிக் கட்டணத்தை மாத உச்சத்தை வைத்து வாங்குகிறார்கள். யோசனை நல்லது. ஆனால் குறைந்தபட்சம் 2.5 கிலோவாட்டுக்குக் கட்ட வேண்டும் என்று வைத்ததால், அவ்வளவு இழுக்காத சிறுகுடும்பங்களும் அதற்குக் கட்டுகின்றன. நாம் அதைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கலாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் வேறு வழி. கூரைகளில் சூரிய மின்சாரம் பெருகி வழிகிற இடம் அது. 2020-லிருந்து காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை கம்பிக் கட்டணத்தை வழக்கமான விலையில் கால்வாசியாக்கினார்கள். யூனிட் விலையைத் தொடாமல், கம்பிக்கான கூலியைக் குறைத்தே வாஷிங் மெஷினையும் வாட்டர் ஹீட்டரையும் பகலுக்கு இழுத்தார்கள். நமக்கு ஏற்றது இதுதான் என்று நினைக்கிறேன்.

மத்திய விதி, விவசாயம் தவிர மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரலுக்குள் நேரவாரிக் கட்டணம் வர வேண்டும் என்றது. ஸ்மார்ட் மீட்டர் போட்டதும் அது நடைமுறைக்கு வரும். வரட்டும். ஆனால் சிறிய வீட்டுக்கு அது சலுகையாக மட்டும் இருக்கட்டும், தண்டனையாக வேண்டாம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டில் மாலை எட்டு மணிக்கு ஓடுவது ஃபேன். பிள்ளை படிக்க விளக்கு. இதை எந்த நேரத்துக்கு மாற்றச் சொல்வது? அவர்களுக்கு 100 யூனிட் இலவசம் அப்படியே இருக்கட்டும், பகல் சலுகை கிடைக்கட்டும், மாலைக் கூடுதல் வேண்டாம். பெரிய இணைப்புக்கும், அடுக்குமாடியின் லிஃப்ட், தண்ணீர் மோட்டார் போன்ற பொதுச் சேவைக்கும், வீட்டில் காரைச் சார்ஜ் போடுகிறவருக்கும் மாலைக் கூடுதலை வைக்கலாம். மேல்தொட்டிக்கு மோட்டாரைப் பகலில் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாடகைக்குடி என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் உங்கள் அட்டவணையில் வருவதே இல்லை. தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒரே இணைப்பில் நாலைந்து குடித்தனம், ஆளுக்கொரு சப்-மீட்டர். வீட்டுக்காரர் சொல்கிற விலைதான். யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது என்று வாங்குகிறவர்கள் உண்டு. இலவச 100 யூனிட்டும் அவர்களைச் சேராது, நீங்கள் தரப்போகிற பகல் சலுகையும் சேராது. தனி இணைப்பு எளிதாகக் கிடைக்க வழிசெய்யாமல் செய்கிற எந்தக் கட்டணச் சீர்திருத்தமும் இந்தத் தெருக்களில் வாசலோடு நின்றுவிடும். இது கம்பிக் கட்டணத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்தது இடம். மாதவரத்திலும் மணலியிலும் பெரிய பெரிய குடோன்கள், கால்பந்து மைதானம் அளவுக்குத் தகரக் கூரைகள். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மணலிக் கூரையில் விளைகிற மின்சாரம் வியாசர்பாடியில் பேருந்துக்குப் போனால் அது கடக்கிற கம்பி சில கிலோமீட்டர்தான். கமுதியிலிருந்து வருவது மாநிலத்தையே கடந்து வருகிறது. கடக்கிற தூரத்துக்கும், தொடுகிற மின்னழுத்தத்துக்கும் ஏற்பக் கட்டணம் குறைய வேண்டும். அதே மின்பகிர்மான வட்டத்துக்குள், அதே நேரத்தில் உற்பத்தி செய்து பயன்படுத்துகிற மின்சாரத்துக்குக் குறைந்த கம்பிக் கட்டணம் என்று ஒரு வகையை உருவாக்குங்கள். கூரை மின்சாரத்துக்கு யூனிட் கணக்கில் வாங்குகிற நெட்வொர்க் கட்டணத்தையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நடுப்பகலில் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகிற யூனிட் கம்பியின் பாரத்தைக் குறைக்கிறது. அதற்குக் கட்டணம் வாங்குவதில் நியாயம் கொஞ்சம்தான். பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கு நேரத்துக்கு ஒரு விலை என்பதை ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறீர்கள். இடத்துக்கு ஒரு விலை என்பது அதற்கடுத்த படி.

சேமிப்பையும் சேர்த்துப் பாருங்கள். 1987-லிருந்து காடம்பாறையில் தண்ணீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறோம். இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. இனி பேட்டரிகள் வரும். எண்ணூரில் அனல்மின் நிலையங்களுக்காகப் போட்ட உயரழுத்தக் கம்பிகளும் துணைமின் நிலையங்களும் தயாராக நிற்கின்றன. பகலில் யூனிட்டுகள் குறைந்து ஓடும்போது அந்தக் கம்பியில் இடமிருக்கிறது. அங்கே பேட்டரி வைத்தால் புதிய நிலமும் வேண்டாம், புதிய கோபுரமும் வேண்டாம். ஆனால் பேட்டரிக்கு மின்சாரம் உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை கம்பிக் கட்டணம் விழுந்தால் கணக்கு நிற்காது. சேமிப்பு என்பது இறுதி நுகர்வல்ல. கடைசியில் பயன்படுத்துகிறவரிடம் ஒருமுறை வாங்கினால் போதும். மாலை உச்சத்தில் மின்சாரம் கொடுக்கிற பேட்டரிக்கு அந்தக் கட்டணத்திலும் ஒரு பங்கைத் திருப்பித் தரலாம். அது கம்பிக்குச் செய்கிற உதவியின் விலை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று பகிர்மானக் கழகம் கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். நிலுவைக் கடனும் நஷ்டமும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் மாலை உச்சத்துக்காகச் சந்தையில் அதிக விலைக்கு வாங்குகிற மின்சாரம், அதற்காகப் புதிதாகப் போடும் டிரான்ஸ்ஃபார்மர், அதற்காகக் கட்ட நினைக்கும் அடுத்த அனல்மின் யூனிட் ஆகிய மூன்றையும் ஒரு தட்டில் வையுங்கள். நான் கேட்கிற சலுகைகளை இன்னொரு தட்டில் வையுங்கள். அந்தக் கணக்கைக் கழகத்திடம் கேட்டு வாங்கி, வட்டவாரியாக, துணைமின் நிலையவாரியாகப் பொதுவில் வெளியிடுங்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் கம்பி நிறைகிறது என்பது வெளியே தெரிந்தால்தான் மற்றவர்களும் யோசனை சொல்ல முடியும்.

முதலில் ஒரே ஒரு வட்டத்தில் செய்துபார்க்கவும் செய்யலாம். அப்படியென்றால் அது வடசென்னையாக இருக்கட்டும். ஐஸ் கம்பெனிகள், குளிர்கிடங்குகள், மணலி ஆலைகள், காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை, பேருந்துப் பணிமனை என்று நேரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பெரிய சுமைகள் எல்லாம் பத்திருபது கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இரண்டு கோடை, இரண்டு காற்றுப் பருவம் போதும். எவ்வளவு மாறுகிறது என்று மீட்டரே சொல்லிவிடும்.

மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, கட்டண ஆணைக்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. 2022-ல் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கேட்டீர்கள். அடுத்த முறை சென்னைக் கூட்டத்தோடு திருவொற்றியூரிலும் ஒரு கூட்டம் வையுங்கள். அவ்வளவு தூரம் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் வராதவர்கள் இங்கே நிறையப் பேர். வேலை முடிந்து வருகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. கட்டண மனுவின் சுருக்கத்தைத் தமிழில், ஒரு மாதம் முன்பே, ஒவ்வொரு பிரிவு அலுவலக வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். டிமாண்ட் கணக்கோடு நான் வருகிறேன். எண்ணூரிலிருந்து மற்றவர்களும் வருவார்கள்.

இப்படிக்கு,
எர்ணாவூரில் வசிக்கும் மின் நுகர்வோர் ஒருவர்